வகுத்தால் ஓம், பெருக்கினால் வாட்: ராமநாதபுரம் கடற்கரையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொண்டி முதல் வாலிநோக்கம் வரை, இடையில் மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம் என்று இந்தக் கடற்கரையில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஒயரிங் வேலையும் மோட்டார் வேலையும் பார்த்து வருகிறேன். மாலை நேரத்தில் ஐடிஐ மாணவர்கள் சிலர் தொழில் பழக வருவார்கள். படகுக்காரர், இறால் பண்ணைக்காரர், விடுதி நடத்துகிறவர், மாணவர் என்று கேட்கிறவர் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை. அவற்றுக்கு நான் சொல்லும் பதில்களை இங்கே எழுதியிருக்கிறேன். மின்னழுத்தம் (வோல்ட்), மின்னோட்டம் (ஆம்பியர்) என்ற இரண்டு அளவுகளிலிருந்து மின்தடையையும் (ஓம்) மின்திறனையும் (வாட்) கண்டுபிடிப்பது ஐந்தாம் வகுப்புக் கணக்கு. வந்த விடை எதைச் சொல்கிறது என்று படிக்கத் தெரிந்துகொள்ளத்தான் காலம் பிடிக்கிறது. உப்புக் காற்றில் வாழும் நமக்கு அந்தப் படிப்பு உயிர்க் காரியம்.

வோல்ட் தெரியும், ஆம்பியர் தெரியும். ஓமும் வாட்டும் எப்படி வரும்?

வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் ஓம். வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட்.

கீழக்கரையில் தேய்ப்புக் கடை வைத்திருக்கும் காக்கா (அண்ணன்) ஒருவர், "தேய்ப்புப் பெட்டி முன்போலச் சூடாவதில்லை, காயில் (சூடேறும் கம்பிச் சுருள்) போய்விட்டதா பாருங்கள்" என்று அழைத்தார். பெட்டி ஓடும்போதே அளந்தேன். மின்னழுத்தம் 226 வோல்ட், மின்னோட்டம் 4.3 ஆம்பியர். வகுத்தால் 52.6 ஓம். பெருக்கினால் 972 வாட். பெட்டியின் அடியில் 230 வோல்ட், 1000 வாட் என்று பொறித்திருந்தது. அந்தக் கணக்குப்படி அதன் மின்தடை 52.9 ஓம் இருக்க வேண்டும். ஏறத்தாழ அதுவேதான் வந்தது. காயில் நன்றாக இருக்கிறது, அப்போது வந்துகொண்டிருந்த மின்னழுத்தமும் மோசமில்லை என்று இரண்டு எண்களும் சொல்லிவிட்டன. அப்படியானால் அவர் சொன்ன குறை எங்கே? கடையில் எல்லா விளக்கும் எரியும் மாலை நேரத்தில் மறுபடி அளந்தோம். பெட்டிக்கு வந்தது 185 வோல்ட். குறை கடையின் பிரதான ஃபியூஸ் பிடிப்பானில் இருந்தது. அந்தக் கதையின் காரணம் கீழே வருகிறது.

பொறிப்பில் வாட்டும் வோல்ட்டும் மட்டும் இருக்கின்றன. ஓம் வேண்டும் என்றால்?

வோல்ட்டை அதே வோல்ட்டால் பெருக்கி, வாட்டால் வகுக்க வேண்டும். மேலே சொன்ன பெட்டிக்கு 230 × 230 = 52,900. அதை 1000 ஆல் வகுத்தால் 52.9. ஆம்பியரும் ஓமும் மட்டும் தெரிந்தால் ஆம்பியரை ஆம்பியரால் பெருக்கி, பிறகு ஓமால் பெருக்க வாட் வரும். மாணவர்கள் முக்கோணம், வட்டம் எல்லாம் வரைந்து மனப்பாடம் செய்கிறார்கள். வேண்டாம் என்பேன். வகுத்தால் ஓம், பெருக்கினால் வாட் என்ற இரண்டை வைத்துக்கொண்டு மற்றதைத் தாளில் நீங்களே வருவித்துப் பாருங்கள். தேர்வு முடிந்த பிறகும் நினைவில் நிற்கும்.

மில்லி, கிலோ குழப்புகிறதே?

கணக்குப் போடும் முன்பே எல்லாவற்றையும் வோல்ட், ஆம்பியர், ஓமுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். 350 மில்லி ஆம்பியர் என்றால் 0.35 ஆம்பியர். 4.7 கிலோ ஓம் என்றால் 4,700 ஓம்.

ஒரு சூத்திரம் தடை கூடினால் சூடு குறையும் என்கிறது. இன்னொன்று கூடும் என்கிறது. எது சரி?

இந்தப் பட்டியலில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. இதைக் கேட்கும் மாணவன் தொழிலில் தேறிவிடுவான் என்று நம்புகிறேன். வோல்ட்டின் இருமடியைத் தடையால் வகுக்கும்போது தடை கீழே இருக்கிறது; அது கூடினால் திறன் குறையும். ஆம்பியரின் இருமடியைத் தடையால் பெருக்கும்போது, தடை கூடினால் திறனும் கூடும். இரண்டும் சரி. எது மாறாமல் நிற்கிறது என்பதைப் பார்த்துத்தான் எதை எடுப்பது என்று முடிவு செய்ய வேண்டும்.

வீட்டுச் சுவரில் உள்ள பிளக்கில் வோல்ட் ஏறக்குறைய நிலையானது. அங்கே நேராகச் செருகும் பொருளுக்குத் தடை குறைவாக இருந்தால் அதிகத் திறன். 2000 வாட் ஹீட்டருக்குத் தடை 26.45 ஓம், 1000 வாட் பெட்டிக்கு 52.9 ஓம். ஆனால் அந்தப் பெட்டிக்குப் போகும் வழியில் ஒரு தளர்ந்த முனை, அதாவது கம்பி இணையும் இடம், இருக்கிறது என்று வையுங்கள். அதன் வழியாக எவ்வளவு ஆம்பியர் ஓடும் என்பதைப் பெரிய தடையான பெட்டிதான் தீர்மானிக்கிறது. அங்கே ஏறக்குறைய நிலையாக நிற்பது ஆம்பியர். ஆகவே முனையின் தடை கூடக்கூட அங்கே சூடு கூடும்.

எண்ணில் பாருங்கள். முனையின் தடை 0.5 ஓம் என்றால் சுற்றில் ஓடுவது 4.3 ஆம்பியர், முனையில் எரிவது 9 வாட். தடை 5 ஓம் ஆகிவிட்டால் ஓட்டம் 3.97 ஆகக் குறையும். ஆனால் முனையில் எரிவது 79 வாட். பெட்டிக்குக் கிடைப்பது 835 வாட்தான். முனையின் தடையும் பெட்டியைப் போலவே 52.9 ஓம் ஆனால் ஆளுக்கு 250 வாட். அதற்கு மேல் தடை கூடினால் முனையின் சூடும் இறங்கத் தொடங்கும். 500 ஓமில் 87 வாட். ஆனால் நடைமுறையில் அதுவரை எந்த முனையும் தாங்காது. அதற்கு முன்பே பிளாஸ்டிக் உருகி, கரிந்து, பிளக் பாயின்ட் கறுத்துவிடும்.

நம் பக்கத்தில் சுவிட்சும் பிளக்கும் ஏன் இவ்வளவு சீக்கிரம் கருகுகின்றன?

உப்பு. கச்சான் காற்று வீசும் மாதங்களிலும் சரி, வாடைக்காற்று வீசும் மாதங்களிலும் சரி, கடல் திவலை நுண்துளியாக வீட்டுக்குள் வந்து படிகிறது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சோற்று உப்பு தானாக நீரை உறிஞ்சிக் கரையத் தொடங்கும். மழைக்காலத்தில் உப்பு ஜாடி கசிவதை எல்லார் வீட்டிலும் பார்த்திருப்பீர்கள். அதே கசிவு சுவிட்சின் பித்தளை முனையிலும் செம்புக் கம்பியின் நுனியிலும் நடக்கிறது. செம்பின் மேல் பச்சைக் களிம்பு ஏறுகிறது. களிம்பு மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது. உலோகம் உலோகத்தைத் தொடும் பரப்புச் சுருங்குகிறது, தடை ஏறுகிறது, முனை சூடாகிறது. சூடானால் களிம்பு இன்னும் வேகமாக ஏறும், திருகும் தளரும். ஒன்று மற்றொன்றை வளர்க்கும்.

கடல் அரிப்பு இங்கே அவ்வளவு கடுமையானது என்பதால்தான் காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் உலோகங்களைக் கடற்காற்றில் வைத்துச் சோதிக்க மண்டபத்தில் ஒரு மையமே நடத்துகிறது. 1914 முதல் கடலுக்கு நடுவில் நின்ற பழைய பாம்பன் பாலத்தின் இரும்புக்கு ஓயாமல் வண்ணம் பூச வேண்டியிருந்ததும் இந்தக் காற்றால்தான். இரும்புக்கு நேர்வதைக் கண்ணால் பார்த்துவிடலாம். சுவிட்ச் பெட்டிக்குள் நேர்வதை மீட்டரால்தான் பார்க்க முடியும்.

கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். கம்பிகளை முறுக்கி டேப் சுற்றும் வழக்கத்தைக் கடலோர வீடுகளில் விட்டுவிடுங்கள். திருகு முனையில் இறுக்குங்கள். இறுக்கிய பிறகு மேலே வாசலின் போன்ற பசையை மெல்லிதாகப் பூசுங்கள். படகுக்கு வெள்ளீயம் பூசிய செம்புக் கம்பி கிடைத்தால் கூடுதல் விலை கொடுத்தாவது அதையே வாங்குங்கள். ஆண்டுக்கு ஒருமுறை, பிரதான சுவிட்சை அணைத்துவிட்டு, திருகுகளை இறுக்கிவிடுங்கள். தேய்ப்புக் கடைக் காக்காவின் ஃபியூஸ் பிடிப்பானைக் கழற்றியபோது முனை பாசி பிடித்த படிக்கட்டு மாதிரி பச்சையாக இருந்தது.

மல்டிமீட்டரில் ஓம் பகுதி இருக்கிறதே. முனையின் தடையை நேராக அளக்கலாமே?

பெரிய தடைக்கு அளக்கலாம். முனைத் தடைக்கு அது உதவாது. சாதாரண மல்டிமீட்டரின் இரண்டு ஊசிகளை ஒன்றோடு ஒன்று தொட்டுப் பாருங்கள். பூஜ்யம் வராது, 0.2, 0.3 என்று ஏதாவது காட்டும். அது மீட்டரின் சொந்த ஒயரின் தடை. நாம் தேடும் குறையும் அதே அளவுதான். மேலும், மீட்டர் ஓம் அளக்கும்போது அனுப்பும் ஓட்டம் மிகச் சிறியது. பத்து ஆம்பியர் ஓடும்போது முனை எப்படி நடந்துகொள்ளும் என்பதை அது காட்டாது.

சுமையை ஓடவிட்டு, முனைக்கு இரு பக்கமும் எத்தனை வோல்ட் விழுகிறது என்று பாருங்கள். ஓடும் ஆம்பியரால் வகுங்கள். அதுதான் உண்மையான தடை. பாம்பனில் ஒரு நாட்டுப்படகில், உள்ளே சேரும் தண்ணீரை இறைக்கும் பம்ப் மெதுவாக ஓடியது. பேட்டரி முனையில் 12.5 வோல்ட்; பம்பின் முனையில் 10.7 வோல்ட்; ஓட்டம் 9 ஆம்பியர். வழியில் காணாமல் போனது 1.8 வோல்ட். 9 ஆல் வகுத்தால் 0.2 ஓம். இதில் ஒயரின் பங்கு எவ்வளவு? ஒரு சதுர மில்லிமீட்டர் பருமனுள்ள செம்புக் கம்பிக்கு மீட்டருக்கு 0.0172 ஓம். படகில் இருந்தது இரண்டரை ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) ஒயர், போக வர எட்டு மீட்டர், ஆக 0.055 ஓம். மீதி 0.145 ஓம் முனைகளிலும் ஃபியூஸிலும் இருக்கிறது. 9 × 9 × 0.145 = 11.7 வாட். சிறிய சால்டரிங் அயர்ன் ஒன்று 25 வாட். அதில் ஏறத்தாழ பாதிச் சூட்டை, டீசல் வாடை வீசும் படகின் அடித்தட்டில், யாரும் பார்க்காத மூலையில் நாள் முழுவதும் வைத்திருந்திருக்கிறார்கள். பம்பை மாற்றச் சொல்லி அழைத்தார்கள். ஃபியூஸ் பிடிப்பானை மாற்றியதும் பம்ப் பழைய வேகத்தில் ஓடியது.

பனி பெய்யும் விடியற்காலையில் மட்டும் ஆர்சிசிபி விழுகிறது. பத்து மணிக்கு மேல் விழுவதில்லை. கருவி கெட்டுவிட்டதா?

பெரும்பாலும் இல்லை. கசிவைக் கண்டால் இணைப்பைத் துண்டிப்பதுதான் அதன் வேலை. வீடுகளில் போடுவது 30 மில்லி ஆம்பியருக்கானது. 15 க்கும் 30 க்கும் இடையில் எங்கேயும் விழலாம். வெளிச்சுவரில் உள்ள விளக்கின் உள்ளே உப்பு படிந்திருக்கிறது என்று கொள்ளுங்கள். காய்ந்த உப்பு கடத்தாது. பனி ஈரம் பட்டதும் அது உப்புநீர்ப் படலம் ஆகிறது. அந்தப் படலத்தின் தடை 10,000 ஓம் என்றால் 230 ÷ 10,000 = 0.023, அதாவது 23 மில்லி ஆம்பியர். கருவி விழ அது போதும். வெயில் ஏறிக் காய்ந்ததும் தடை பல மடங்கு கூடிவிடும், கசிவு நின்றுவிடும்.

உப்பின் இரட்டை வேலையைக் கவனியுங்கள். தடை குறைவாக இருக்க வேண்டிய முனையில் அது தடையைக் கூட்டுகிறது. தடை கோடிக் கணக்கில் இருக்க வேண்டிய காப்பின் மேல் தடையைக் குறைக்கிறது. இந்தக் கரையில் நான் பார்க்கும் மின்குறைகளில் பெரும்பாலானவை இந்த இரண்டில் ஒன்றுதான். தொல்லை தாங்காமல் ஆர்சிசிபியைக் கழற்றிவிட்டு நேராக இணைக்கச் சொல்கிறவர்கள் உண்டு. அந்த வேலையை நான் செய்ய மாட்டேன். விளக்கைக் கழற்றி நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, நன்றாகக் காயவைத்து, மூடியின் ரப்பரை மாற்றுங்கள்.

லோ வோல்டேஜ் இருந்தால் மின்கட்டணம் கூடுமா?

பொருளைப் பொறுத்தது. ராமேஸ்வரத்தில் விடுதி நடத்தும் அண்ணன் ஒருவருக்காக ஹீட்டருக்குப் போட்ட கணக்கைச் சொல்கிறேன். 2000 வாட் ஹீட்டர், தடை 26.45 ஓம். மின்னழுத்தம் 190 வோல்ட் ஆனால் 190 × 190 ÷ 26.45 = 1365 வாட். வோல்ட் ஆறில் ஒரு பங்குதான் குறைந்தது. திறனில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. பதினைந்து லிட்டர் தண்ணீரை 28 டிகிரியிலிருந்து 50 டிகிரிக்குக் கொண்டுவர வேண்டும் என்றால், முன்பு பதினொன்றரை நிமிடம். இப்போது பதினேழு நிமிடம். ஆனால் தண்ணீருக்கு வேண்டிய ஆற்றல் மாறவில்லை. இரண்டு விதத்திலும் ஏறக்குறைய 0.385 யூனிட்தான். குளிக்கக் காத்திருக்கும் யாத்திரிகருக்கு நேரம்தான் போகும்; கட்டணம் கூடாது.

மோட்டார் வேறு கதை.

மோட்டாருக்கும் வோல்ட்டை ஆம்பியரால் வகுக்கலாமா?

வகுக்கலாம், ஒரு எண் வரும். அதை மின்தடை என்று எண்ணிவிடக் கூடாது. ஒரு குதிரைத்திறன் ஒற்றை ஃபேஸ் மோட்டார் 230 வோல்ட்டில் 6 ஆம்பியர் எடுக்கிறது என்றால் வகுத்தால் 38 ஓம். மோட்டாரை நிறுத்தி, இணைப்பைக் கழற்றி, ஓடும் சுருள் எனப்படும் முதன்மைச் சுருளை மீட்டரில் பார்த்தால் மூன்று நான்கு ஓம்தான் இருக்கும். மிச்சம் எங்கிருந்து வந்தது? சுழலும் மோட்டார் எதிர்த் திசையில் ஒரு மின்னழுத்தத்தைத் தானே உண்டாக்குகிறது. மாறுதிசை மின்னோட்டத்தில் சுருளின் காந்தத் தன்மையும் ஓட்டத்தை எதிர்க்கிறது. மொத்தத்தையும் மின் எதிர்ப்பு என்று பாடநூல் சொல்லும்.

திறனும் அப்படியே. 230 × 6 = 1380 என்பது முழு வாட் ஆகாது. வோல்ட்டின் அலையும் ஆம்பியரின் அலையும் ஒன்றாக ஏறி இறங்காததால் திறன் காரணியால் பெருக்க வேண்டும். அது 0.8 என்றால் 1104 வாட். மீட்டர் யூனிட் எண்ணுவது இந்த 1104 ஐத்தான்.

இதில் உயிர் நாடியான விஷயம் ஒன்று. பம்பில் மணல் சிக்கி மோட்டார் நின்றுவிட்டால் எதிர் மின்னழுத்தம் மறைந்துவிடும். ஓட்டம் 6 இலிருந்து 30 ஆம்பியருக்குப் போகும். சுருளின் தடை 3 ஓம் என்றால், ஓடும்போது சுருளில் எரிந்தது 6 × 6 × 3 = 108 வாட்; நின்றபோது 30 × 30 × 3 = 2700 வாட். ஐந்து மடங்கு ஓட்டம், இருபத்தைந்து மடங்கு சூடு. மோட்டார் உறுமும் சத்தம் கேட்டதும் ஓடிப்போய் அணையுங்கள் என்று நான் கத்துவதற்குக் காரணம் இந்த இருமடிதான். மின்னழுத்தம் மிகவும் குறைந்து மோட்டார் சுழலத் திணறும்போதும் அதே அபாயம்தான்.

தேவிபட்டினம் பக்கம் இறால் குளம். கம்பத்திலிருந்து 150 மீட்டரில் மோட்டார். இரண்டரை ஸ்கொயர் ஒயர் போதாதா?

ஓடும், ஆனால் கிளம்பத் தகராறு செய்யும். போக வர 300 மீட்டர். 0.0172 × 300 ÷ 2.5 = 2.06 ஓம். 6 ஆம்பியரில் ஒயரிலேயே விழுவது 12.4 வோல்ட், வீணாவது 74 வாட். பத்து மணி நேரம் ஓடினால் நாளைக்கு முக்கால் யூனிட் சேற்றைச் சூடாக்கிப் போகிறது. கிளம்பும் நொடியில் 30 ஆம்பியர் என்றால் 62 வோல்ட் விழும். 230 இல் 62 போனால் 168. அந்த வோல்ட்டில் மோட்டார் உறுமிக்கொண்டே நிற்கும். நாலு ஸ்கொயர் போட்டால் தடை 1.29 ஓம், கிளம்பும்போது விழுவது 39 வோல்ட். ஆறு ஸ்கொயர் இன்னும் நல்லது. அலுமினியக் கம்பிக்குத் தடை செம்பைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல். ஆகவே நாலு ஸ்கொயர் அலுமினியமும் இரண்டரை ஸ்கொயர் செம்பும் ஏறத்தாழ ஒன்று. விலையைப் பார்த்து அலுமினியம் வாங்குகிறவர்கள் இதைக் கணக்கில் எடுங்கள்.

குண்டு பல்பின் தடையை மீட்டரில் பார்த்தால் கணக்கோடு ஒத்துவரவில்லையே?

100 வாட் பல்புக்குக் கணக்குப்படி 529 ஓம். கையில் எடுத்து அளந்தால் அதில் பத்தில் ஒரு பங்குகூட இராது. மீட்டரில் தவறில்லை. டங்ஸ்டன் இழை எரியும்போது இரண்டாயிரம் டிகிரிக்கு மேல் சூடாகிறது. சூட்டில் உலோகத்தின் தடை ஏறும். செம்புக்கும் இது உண்டு, ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 0.4 சதவீதம்.

எல்இடி விளக்கு, போன் சார்ஜர்?

இவற்றில் திறனைக் கணக்கிடலாம், ஆனால் தடை என்ற எண்ணுக்குப் பொருள் இல்லை. உள்ளே மின்னணுச் சுற்று உட்கார்ந்திருக்கிறது. நல்ல சார்ஜர் வோல்ட் குறைந்தால் ஆம்பியரைக் கூட்டி வாட்டைச் சமன் செய்துகொள்ளும். தேய்ப்புப் பெட்டி செய்வதற்கு நேர் எதிர். ஓம் விதி உலோகக் கம்பிக்கும் ஹீட்டர் காயிலுக்கும் பொருந்துவதுபோல் இவற்றுக்குப் பொருந்தாது.

ஓம் என்பது யார் பெயர்?

ஜார்ஜ் சைமன் ஓம், ஜெர்மானியர், கொலோன் நகரில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். அக்கால பேட்டரிகளின் மின்னழுத்தம் ஏறி இறங்கியதால் சோதனை நிலைக்கவில்லை. அதனால் இரண்டு உலோகங்களை இணைத்து, ஒரு முனையைக் கொதிநீரிலும் மறுமுனையைப் பனிக்கட்டியிலும் வைத்து நிலையான மின்னழுத்தம் எடுத்தார். 1827 இல் நூலாக வெளியிட்டார். சொந்த நாட்டில் முதலில் யாரும் பெரிதாக மதிக்கவில்லை. 1841 இல் லண்டன் ராயல் சொசைட்டி காப்ளி பதக்கம் கொடுத்தது. ஒன்றை நிலையாக நிறுத்திவிட்டு மற்றதை அளந்த அந்த ஆசிரியரின் பொறுமையை என் மாணவர்களுக்கு அடிக்கடி சொல்வேன்.

கடற்கரை மண்ணே ஈரம். எர்த் தானாக நன்றாக இருக்கும் இல்லையா?

மண் நல்லதுதான். கடல்நீர் கலந்த மண் நன்றாகக் கடத்தும். ஆனால் அதே உப்பு எர்த் குழாயையும் அதன் இணைப்பையும் அரித்துத் தின்றுவிடுகிறது. மேலே கம்பி தெரியும். மண்ணுக்குள் இணைப்பு அறுந்திருக்கும். கிரைண்டரின் உடலில் மின்சாரம் இறங்கிவிட்டது என்று வையுங்கள். எர்த் வழியாகத் திரும்பும் பாதை முழுவதற்கும் தடை 2 ஓம் என்றால் 115 ஆம்பியர் பாயும். எம்சிபி (ஓட்டம் மிகுந்தால் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) உடனே விழும். அரித்துப்போய் 50 ஓம் ஆகிவிட்டால் 230 ÷ 50 = 4.6 ஆம்பியர். 16 ஆம்பியர் எம்சிபிக்கு அது சாதாரணச் சுமை. அது விழாது. கிரைண்டரின் உடல் முழு மின்னழுத்தத்தோடு அப்படியே காத்திருக்கும். மூன்று முள் பிளக்கில் மூன்றாவது முள்ளை வெட்டிவிட்டுச் செருகுகிறவர்களை நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு கலங்குகிறது.

ஈரக் கையோடு சுவிட்சைத் தொட்டால் என்ன ஆகும்? கணக்கில் சொல்லுங்கள்.

காய்ந்த தோலுக்குப் பல ஆயிரம் ஓம் தடை உண்டு. வியர்வை, கடல்நீர் பட்டால் உடலின் தடை ஆயிரம் ஓம் அளவுக்கு இறங்கிவிடும். 230 ÷ 1000 = 0.23 ஆம்பியர். 0.1 ஆம்பியர் நெஞ்சின் வழியாகப் போனாலே இதயத் துடிப்பு தாறுமாறாகிவிடக்கூடும். வலை அலசிவிட்டு ஈரமணலில் வெறுங்காலோடு நின்று மோட்டார் சுவிட்சைத் தட்டுகிறார்கள். கையில் உப்புநீர், காலில் உப்புநீர். சுவிட்சை மரப்பலகையில் உயரமாகப் பொருத்துங்கள். கீழே காய்ந்த பலகையோ ரப்பர் விரிப்போ போடுங்கள். 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி கட்டாயம் வையுங்கள். யாராவது மின்சாரத்தில் பிடிபட்டால் அவரைத் தொடாதீர்கள், முதலில் இணைப்பைத் துண்டியுங்கள்.

கமுதியில் உற்பத்தியாகும் மின்சாரத்தை ஏன் அவ்வளவு உயர்ந்த மின்னழுத்தத்தில் அனுப்புகிறார்கள்?

நம் மாவட்டத்துக் கமுதி சூரிய மின் நிலையம் 2016 இல் தொடங்கியது. திறன் 648 மெகாவாட். அதை 230 வோல்ட்டில் அனுப்ப வேண்டும் என்றால் 28 லட்சம் ஆம்பியர் ஓட வேண்டும். பனைமரம் பருமனுள்ள கம்பியும் தாங்காது. 400 கிலோவோல்ட்டில் மூன்று ஃபேஸாக அனுப்பினால் ஃபேஸுக்கு ஏறக்குறைய 935 ஆம்பியர் போதும். கம்பியில் வீணாவது ஆம்பியரின் இருமடி என்பதால் ஆம்பியரைக் குறைப்பதில்தான் லாபம். படகிலும் இதே கணக்குதான்: 60 வாட் விளக்குக்கு 12 வோல்ட்டில் 5 ஆம்பியர், 24 வோல்ட்டில் இரண்டரை, ஒயரில் வீணாவது நாலில் ஒரு பங்காகிவிடும்.

கிளாம்ப் மீட்டர் (கம்பியைக் கவ்வி ஆம்பியர் அளக்கும் கருவி) பூஜ்யம் காட்டுகிறது. மோட்டார் ஓடுகிறதே?

இரண்டு கம்பிகளையும் சேர்த்துக் கவ்வியிருப்பீர்கள். போகும் ஓட்டமும் வரும் ஓட்டமும் ஒன்றை ஒன்று கழித்துவிடும். ஃபேஸ் கம்பியை மட்டும் கவ்வுங்கள்.

சாதாரண மல்டிமீட்டரில் ஆம்பியர் அளக்கிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. சிவப்பு ஊசி 10 ஆம்பியர் துளையில் இருக்கும்போது மீட்டரின் தடை ஏறக்குறைய பூஜ்யம். அப்படியே மறந்துபோய் வோல்ட் பார்க்க பிளக்கில் நுழைத்தால் குறுக்குச் சுற்று (ஷார்ட் சர்க்யூட்). என்னிடம் பழகிய ஒரு பையன் விசைப்படகின் பேட்டரியில் அப்படி வைத்துவிட்டான். ஊசி பற்றிக்கொண்டு, கை கொப்பளித்தது. ஆம்பியர் பார்த்து முடித்ததும் ஊசியை வோல்ட் துளைக்கு மாற்றிவிட்டுத்தான் மீட்டரைக் கீழே வைக்க வேண்டும் என்று அன்றிலிருந்து முதல் நாளே சொல்லிவிடுகிறேன்.

ஆம்பியர் அளக்க எந்தக் கருவியும் இல்லை. வீட்டில் வழி உண்டா?

உண்டு, உங்கள் மின்சார மீட்டரே கருவிதான். அதில் ஒரு சிறு சிவப்பு விளக்கு மின்னும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை மின்னல் என்று முகப்பில் அச்சிட்டிருக்கும். 3200 என்று இருக்கலாம், வேறாகவும் இருக்கலாம், படித்துக்கொள்ளுங்கள். மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டுச் சந்தேகப்படும் பொருளை மட்டும் ஓடவிடுங்கள். ஒரு நிமிடம் எண்ணுங்கள். நாற்பது முறை மின்னினால் மணிக்கு 2400. 2400 ஐ 3200 ஆல் வகுத்தால் 0.75 கிலோவாட், அதாவது 750 வாட். தேய்ப்புப் பெட்டியோ ஹீட்டரோ என்றால் இதை 230 ஆல் வகுத்தால் 3.26 ஆம்பியர், 230 ஐ அந்த ஆம்பியரால் வகுத்தால் 70.5 ஓம்.

எல்லாவற்றையும் அணைத்த பிறகும் விளக்கு மின்னிக்கொண்டே இருக்கிறதா? முதலில் சுவரில் செருகியிருக்கும் சார்ஜர், டிவி, இன்வெர்ட்டர் ஆகியவற்றைக் கழற்றுங்கள். அதற்குப் பிறகும் மின்னினால், அடுத்த மின்னலுக்கு எத்தனை நொடி ஆகிறது என்று குறித்துக்கொண்டு ஒயர்மேனை அழையுங்கள். வெளிச்சுவர் விளக்கிலிருந்து தேடத் தொடங்கச் சொல்லுங்கள்.